பதினோரு படி இறங்கி வாருங்கள்

இரவு விடுதிகளுக்கும் பார்களுக்கும் அனுமதிக் கையெழுத்துப் போடுகிற அதிகாரிகளுக்கு. பஞ்சாயத்து, தீயணைப்பு, கலால், சுகாதாரம், காவல் என எந்தத் துறையில் இருந்தாலும் உங்களுக்குத்தான். முதலில் கோவாவில் இருப்பவர்களுக்கு, பிறகு மற்ற மாநிலங்களில் இருப்பவர்களுக்கு.

ஐயா, அம்மா,

2025 டிசம்பர் 6 சனிக்கிழமை இரவு வடக்கு கோவாவின் அர்போராவில் ஓர் இரவு விடுதி எரிந்து 25 பேர் செத்துப்போனார்கள். சுற்றிப்பார்க்க வந்தவர்கள் அதில் ஐந்து பேர். மற்ற 20 பேரும் அங்கே சம்பளத்துக்கு நின்றவர்கள். உத்தராகண்ட், ஜார்க்கண்ட், அசாம், நேபாளம் என்று எங்கெங்கிருந்தோ பிழைக்க வந்த பையன்கள். தீ அவர்களைத் தொட்டதைவிடப் புகைதான் அதிகம் கொன்றது. தரைக்குக் கீழே இருந்த சமையலறைப் பக்கம் சிக்கி, மூச்சு முட்டிப் போனவர்களே பெரும்பாலோர்.

நான் அந்த விடுதியில் வேலை பார்த்தவன் இல்லை. அதே கடற்கரை வட்டாரத்தில், அதேபோலத் தரைக்குக் கீழே இருந்த ஒரு கிச்சனில் ஆறு சீசன் நின்றவன். ஞாயிற்றுக்கிழமை காலையில் செய்தி பார்த்ததிலிருந்து எனக்கு அடுப்பைப் பற்றவைக்கக் கை வரவில்லை.

அதற்குப் பிறகு நடந்ததையெல்லாம் கவனித்துக்கொண்டு வந்தேன். உரிமையாளர்கள் அன்று விடியும் முன்பே தாய்லாந்துக்கு விமானம் ஏறியதும், சில நாட்களில் அங்கே பிடிபட்டுத் திருப்பி அனுப்பப்பட்டதும் நாள் முழுக்க டிவியில் ஓடின. மூன்று அதிகாரிகளைப் பணியிடை நீக்கம் செய்தார்கள். விடுதிகளுக்குள் பட்டாசும் மத்தாப்பும் கொளுத்தக் கூடாது என்று மாவட்ட நிர்வாகம் தடை போட்டது. இறந்தவர் குடும்பத்துக்கு மாநில அரசு ஐந்து லட்சம், பிரதமர் நிவாரண நிதியிலிருந்து இரண்டு லட்சம் என்று அறிவித்தார்கள். இவ்வளவோடு விஷயம் முடிந்தது என்று நீங்கள் நினைத்துவிடக் கூடாது என்பதற்காகவே இந்த மடல். மேலே கூரையில் பற்றிய பொறியைப் பற்றி எல்லோரும் பேசினார்கள். கீழே இருந்தவர்கள் ஏன் வெளியே வர முடியவில்லை என்பதுதான் எனக்குத் தெரிந்த விஷயம். அதை நீங்கள் கேட்க வேண்டும்.

எங்கள் கிச்சனுக்குப் பதினோரு படி. இரண்டு பேர் எதிரெதிரே வந்தால் ஒருவன் தட்டைத் தலைக்கு மேல் தூக்கிக்கொண்டு சுவரோடு ஒட்டி நிற்க வேண்டும். அதனால் படியில் கால் வைக்கும்போதே "வருது, வருது" என்று குரல் கொடுத்துக்கொண்டுதான் இறங்குவோம், ஏறுவோம். ஜன்னல் கிடையாது. உள்ளே ஒன்பது பேர் வேலை செய்வோம், சனி ஞாயிறில் பன்னிரண்டு பேர். காற்று என்றால் எக்ஸாஸ்ட் ஃபேன் இழுப்பதுதான். பின்பக்கம் ஓர் இரும்புக் கதவு இருந்தது. அதைத் திறந்தால் நாலு எட்டில் சந்து. ஒரு தடவை ஸ்டோரிலிருந்து ஒரு பெட்டி விஸ்கி காணாமல் போனதிலிருந்து அந்தக் கதவில் பூட்டு. சாவி முன்வாசல் செக்யூரிட்டியிடம். குப்பை போடக்கூட மேலே ஏறி, கஸ்டமர் பார்க்காதபடி ஓரமாகச் சுற்றிப் போக வேண்டும்.

2016 டிசம்பரில் ஒரு சனிக்கிழமை இரவு, பதினோரு மணி தாண்டி இருக்கும். கடாயில் எண்ணெய் சூடேறி ஒரு தரம் குப்பென்று தீ மேலே எழும்பியது. எங்களுக்கு அது வழக்கம்தான். ஆனால் சிம்னிக்கு மேலே போகிற குழாயைச் சுத்தம் செய்து எத்தனை மாதம் ஆகியிருந்ததோ, உள்ளே படிந்திருந்த எண்ணெய்ப் பிசுக்கு பற்றிக்கொண்டது. முதலில் சத்தம்தான் கேட்டது, குழாய்க்குள் காற்று உறுமுகிற மாதிரி. மெயின் விழுந்து விளக்கு அணைந்தது. ஃபேனும் நின்றது. அதுவரை மேலே போய்க்கொண்டிருந்த புகை அப்படியே திரும்பி எங்கள் மேல் இறங்கியது.

புகை ஒரேயடியாக நிரம்பாது. அது பலருக்குத் தெரியாது. மேல்கூரையில் தங்கி, போர்வையை இறக்குகிற மாதிரி மெல்ல மெல்லக் கீழே வரும். நின்றவன் குனிவான், குனிந்தவன் மண்டியிடுவான், அப்புறம் படுக்க வேண்டியதுதான். அந்தக் கொஞ்ச நேரத்துக்குள் வழி இருந்தால் பிழைக்கலாம். தீயணைப்பு சிலிண்டரை எடுத்தேன். முள் சிவப்பில் நின்றது. அழுத்தினால் ஒரு தும்மல் வந்தது, அவ்வளவுதான். படி வழியே ஏறலாம் என்றால், சூடும் புகையும் மேலே ஏறுகிற வழியும் அதேதான். நேபாளத்துப் பையன் ஒருவன், பாத்திரம் கழுவுகிறவன், ஏப்ரனை நனைத்து முகத்தில் சுற்றிக்கொண்டு அந்தப் படியில் ஏறி ஓடினான். மற்றவர்கள் பின்கதவுக்குக் கீழே இருந்த விரலளவு இடுக்கில் மூக்கை வைத்துக்கொண்டு வரிசையாகப் படுத்துக் கிடந்தோம். எனக்குப் பக்கத்தில் படுத்திருந்தவன் அவன் அம்மாவுக்கு போன் போட்டான். சிக்னல் இல்லை. போட்டுக்கொண்டே இருந்தான்.

பையன் செக்யூரிட்டியிடம் சாவியை வாங்கிக்கொண்டு வெளியே சுற்றி வந்து பூட்டைத் திறந்தான். நாலு நிமிஷம் ஆகியிருக்கும் என்று அப்புறம் கணக்குப் போட்டோம். யாரும் சாகவில்லை. அந்த நாலு நிமிஷமும் மேலே பாட்டு நிற்கவில்லை. அங்கே ஜெனரேட்டர் இருந்தது.

மறுநாள் காலை முதலாளி வந்து யார் அடுப்பில் நின்றது என்று கேட்டார். எனக்கும் இன்னொருவருக்கும் மூன்று நாள் சம்பளம் பிடித்தார்கள். குழாயைச் சுத்தம் செய்தார்கள், அதை மறைக்கவில்லை. பின்கதவில் மறுபடி பூட்டு ஏறியது. சாவியை இங்கேயே ஓர் ஆணியில் மாட்டி வையுங்கள் என்று கெஞ்சினோம். திருட்டுப் போனால் உன் சம்பளத்தில் பிடிக்கவா என்று கேட்டார்கள்.

இப்போது உங்களிடம் வருகிறேன்.

அந்தச் சீசன் தொடங்கும் முன் ஆய்வுக்கு இரண்டு அதிகாரிகள் வந்தார்கள். அவர்கள் வந்தது எங்களுக்கு எப்படித் தெரியும் என்றால், கீழே ஆர்டர் சீட்டு வந்தது. மேஜை எண் இருக்கும் இடத்தில் 'ஆபீஸ்' என்று எழுதியிருந்தது. வஞ்சிரம் ரவா ஃப்ரை இரண்டு. நான்தான் போட்டு அனுப்பினேன். கீழே வருவார்கள் என்று தரையைக் கழுவி, சிலிண்டர்களை ஓரம் கட்டி, எல்லோரும் தொப்பி போட்டுக்கொண்டு காத்திருந்தோம். அவர்கள் முன்வாசலில் மாட்டியிருந்த புது தீயணைப்பு சிலிண்டரைப் பார்த்தார்களாம், கையெழுத்துப் போட்டார்களாம், போய்விட்டார்கள். பதினோரு படி இறங்க அவர்களுக்கு அரை நிமிஷம்கூட ஆகியிருக்காது.

அவர்கள் பெயர் எனக்குத் தெரியாது, தெரிந்திருந்தாலும் இங்கே எழுதமாட்டேன். ஒருவரை மாட்டிவிடுவது என் நோக்கம் இல்லை. இதைச் சொல்லும்போது என் பங்கையும் சொல்லிவிட வேண்டும். தீப்பிடித்த பிறகும் நான் எந்த அலுவலகத்துக்கும் ஒரு கடுதாசி எழுதவில்லை. வேலை போய்விடும், அந்த வட்டாரத்தில் வேறு எங்கும் சேர்த்துக்கொள்ளமாட்டார்கள் என்று பயம். இன்னும் இரண்டு சீசன் அதே பூட்டுக்குப் பக்கத்தில் நின்று சமைத்தேன். அர்போராச் செய்தி வந்த அன்று எனக்கு அடுப்பைத் தொட முடியாமல் போனதற்கு அதுவும் ஒரு காரணம்.

அர்போராவில் பஞ்சாயத்து அந்தக் கட்டடத்துக்கு ஏற்கெனவே இடிப்பு நோட்டீஸ் கொடுத்திருந்தது என்றும், மேலிடத்தில் அது நிறுத்தி வைக்கப்பட்டது என்றும் தீப்பிடித்த மறுநாளே செய்திகள் வந்தன. தீயணைப்பு வண்டி குறுகிய பாதையில் உள்ளே போக முடியாமல் தூரத்தில் நின்றது என்றும் வந்தது. ஆக, அந்த இடத்தில் கோளாறு என்று ஏதோ ஓர் அலுவலகத்துக்குத் தெரிந்திருக்கிறது. தெரிந்தும் டிசம்பர் சனிக்கிழமை இரவில் அங்கே விளக்கு எரிந்தது. இது முதலாளி ஒருவரால் மட்டும் நடக்கிற காரியம் இல்லை என்பது உங்களுக்கு என்னைவிட நன்றாகத் தெரியும்.

என் மகள் சட்டம் படிக்கிறாள். இப்படி எரிந்த இடங்களின் வழக்குகள் என்ன ஆயின என்று அவளிடம் கேட்டேன். அவள் எடுத்துக் கொடுத்ததைப் படித்தபோது வயிறு கலங்கியது. 1997 ஜூன் 13, டெல்லி உபஹார் திரையரங்கம், 59 பேர். கீழே டிரான்ஸ்ஃபார்மரில் பிடித்த தீயின் புகை மேலே பால்கனிக்கு ஏறியிருக்கிறது. கூடுதல் இருக்கை போடுவதற்காக அங்கே வெளியேறும் வழியை அடைத்து வைத்திருந்தார்கள். வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போய், உரிமையாளர் இருவரும் தலா 30 கோடி ரூபாய் கட்டினால் மீதிச் சிறை வேண்டாம் என்று 2015இல் தீர்ப்பானது. 2017இல் மறுபடி விசாரித்து ஒருவரை மட்டும் சிறைக்கு அனுப்பினார்கள், மற்றவரை வயதைக் காட்டி விட்டார்கள். நடுவில் நீதிமன்றத்தில் இருந்த ஆவணங்களையே கிழித்துச் சிதைத்ததாகத் தனி வழக்கு, அதில் 2021இல் தண்டனை. இரண்டு பிள்ளைகளையும் அங்கே பறிகொடுத்த நீலம், சேகர் கிருஷ்ணமூர்த்தி தம்பதி இருபது வருஷத்துக்கு மேல் நீதிமன்றப் படி ஏறியிருக்கிறார்கள். அவர்கள் டெல்லிக்காரர்கள், படித்தவர்கள். அவர்களுக்கே அவ்வளவு காலம் பிடித்தது. ஜார்க்கண்டின் ஒரு கிராமத்தில் மகனைப் பறிகொடுத்த தாய் கோவா நீதிமன்றத்துக்கு எத்தனை தடவை ரயில் ஏற முடியும்?

கும்பகோணத்தை நான் சொல்லாமல் விட முடியாது. 2004 ஜூலை 16, பள்ளிக்கூடத் தீயில் 94 குழந்தைகள். அங்கேயும் தீ சமையல் கூடத்துக் கூரையிலிருந்துதான் பிடித்தது. பத்து வருஷம் கழித்து, 2014இல், தஞ்சாவூர் நீதிமன்றம் பத்துப் பேரைக் குற்றவாளிகள் என்றது. நிறுவனருக்கு ஆயுள் தண்டனை. 2017இல் மேல்முறையீட்டில் அந்தப் பத்தில் பலர் விடுதலையானார்கள், நிறுவனரின் தண்டனை அதுவரை கழித்த காலமாகச் சுருங்கியது. அன்று தொலைக்காட்சியில் பார்த்த தாய்மார்களின் முகம் இன்றைக்கும் கண்ணில் நிற்கிறது.

அமெரிக்காவில் ரோட் தீவு மாநிலத்தில் 2003 பிப்ரவரி 20 அன்று எரிந்த இரவு விடுதியைப் பற்றியும் அவள் சொன்னாள். 100 பேர். மேடையில் கொளுத்திய மத்தாப்பு, சுவரில் ஒட்டியிருந்த நுரைப்பஞ்சில் பற்றியது. சுமார் ஒன்றரை நிமிஷத்தில் உள்ளே யாரும் உயிரோடு நிற்க முடியாத நிலை. மத்தாப்பைக் கொளுத்தியவர் குற்றத்தை ஒப்புக்கொண்டு சிறை சென்றார். உரிமையாளர் சகோதரர்களில் ஒருவருக்குச் சிறை, மற்றவருக்குச் சமூக சேவை. ஆய்வு செய்த அதிகாரி, மேடைக் கதவு உள்பக்கம் திறக்கிறது என்று குறை எழுதியவர். அந்தக் கதவின் மேலேயே ஒட்டியிருந்த நுரைப்பஞ்சை மட்டும் அவர் குறிப்பிடவில்லை. அவர் மேல் வழக்கே இல்லை. இதைப் படித்துவிட்டு அன்று இரவு நான் தூங்கவில்லை. அந்த அதிகாரியாவது கதவு வரைக்கும் போயிருக்கிறார்.

நம் ஊரிலும் சாவு எங்கே நடக்கிறது என்று பாருங்கள். 2017 டிசம்பரில் மும்பை கமலா மில்ஸ் வளாகத்துக் கூரை மேல் உணவகத்தில் 14 பேர் இறந்தார்கள், அதில் பலர் கழிப்பறைக்குள் சிக்கியவர்கள். அடுத்த மாதமே பெங்களூரில் ஒரு பாருக்குள் படுத்துத் தூங்கிய ஐந்து தொழிலாளர்கள் எரிந்து போனார்கள். கழிப்பறை, கிச்சன், ஸ்டோர், ஊழியர் படுக்கிற மூலை. கஸ்டமர் கண்ணுக்குத் தெரியாத இடம் எல்லாம் உங்கள் ஆய்வின் கண்ணுக்கும் தெரியாமல் இருக்கிறது.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். ஆறு சீசனில் ஒரு தடவைகூட எனக்கு வேலை நியமனக் கடிதம் கொடுத்ததில்லை. சம்பளம் கவரில் வரும். பதிவேடு என்று ஒன்று இருந்ததா, அதில் என் பெயர் இருந்ததா, தெரியாது. அன்று இரவு நான் அந்தக் கதவடியில் செத்திருந்தால், நான் அங்கே வேலை பார்த்தேன் என்பதையே என் மனைவி நிரூபித்திருக்க முடியாது. வேலையிடத்தில் இறந்தவரின் குடும்பத்துக்குச் சட்டப்படி இழப்பீடு உண்டு, அது சம்பளத்தையும் வயதையும் வைத்துக் கணக்கிடுவது. அரசு அறிவிக்கிற கருணைத்தொகை வேறு, இந்த உரிமை வேறு. காகிதம் இல்லாதவனுக்கு முதலாவது மட்டும்தான் கிடைக்கும், அதுவும் ஊர் முழுக்கப் பேசுகிற அளவுக்குப் பெரிய விபத்தாக இருந்தால்.

ஆகவே நான் கேட்பவை இவை.

வழக்கு நடத்துகிறவர்களிடம் முதலில். பணியிடை நீக்கம் தண்டனை ஆகாது. அந்தக் கட்டடம் திறந்திருக்க யார் யாருடைய கையெழுத்து காரணமோ, இடிப்பு உத்தரவை நிறுத்தி வைத்தது யாரோ, அவர்களின் பங்கையும் குற்றப்பத்திரிகை அளவுக்கு விசாரியுங்கள். அரசு ஊழியர் மேல் வழக்குத் தொடர அரசின் அனுமதி வேண்டும் என்பது தெரியும். புதிய நடைமுறைச் சட்டத்தில் 120 நாட்களுக்குள் அரசு முடிவு சொல்ல வேண்டும், சொல்லாவிட்டால் அனுமதி தந்ததாகவே கொள்ளப்படும் என்று இருக்கிறது. அந்த அனுமதியைக் கேட்காமலே விட்டுவிடாதீர்கள். கவனக்குறைவால் மரணம் என்றால் அதிகபட்சம் ஐந்து வருஷம். உயிர் போகும் என்று தெரிந்தே செய்த காரியம் என்றால் பத்து வருஷம் வரை போகும். பூட்டிய கதவு, இறங்கிப் பார்க்காத ஆய்வு, தெரிந்தும் நிறுத்தி வைத்த நோட்டீஸ் இவையெல்லாம் வெறும் கவனக்குறைவுதானா என்று நீதிமன்றத்தின் முன் வையுங்கள்.

இறந்த 20 ஊழியர்களின் குடும்பங்கள் தங்கள் ஊரில் இருந்தபடியே, தங்கள் மொழியில், வீடியோ வழியாக விசாரணையைப் பார்க்கவும் பேசவும் ஏற்பாடு செய்யுங்கள். சட்டம் அதற்கு வழி விட்டிருக்கிறது. அவர்களுக்கு ஒரு வக்கீலை அரசு செலவில் கொடுங்கள். உயிர் தப்பிய ஊழியர்கள்தான் முக்கிய சாட்சிகள். அவர்கள் இப்போது வேறு விடுதிகளில், வேறு மாநிலங்களில் வேலை தேடி அலைவார்கள். அவர்களுடைய வாக்குமூலத்தைத் தாமதம் செய்யாமல் எடுங்கள். சாட்சி சொன்னதற்காக யாருக்கும் வேலை மறுக்கப்படாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

தொழிலாளர் துறைக்கு: உரிமம் புதுப்பிக்க வரும் ஒவ்வொரு விடுதியிடமும் ஊழியர் பட்டியலையும் சம்பளம் வங்கியில் போட்டதற்கான சான்றையும் கேளுங்கள். இரவில் அங்கேயே படுக்கிறவர்கள் யார், எங்கே படுக்கிறார்கள் என்றும் அதில் இருக்கட்டும்.

கடைசியாக, கையெழுத்துப் போடுகிற உங்களுக்கு. அடுத்த சீசன் அக்டோபரில் தொடங்கும், அதற்குள் இதைச் செய்யுங்கள். தரைக்குக் கீழே கிச்சன் இருக்கிற ஒவ்வொரு இடத்துக்கும் இரண்டாவது வழி கட்டாயம் என்று எழுத்தில் வையுங்கள். அந்தக் கதவு உள்ளிருந்து சாவி இல்லாமல் திறக்க வேண்டும். சரக்கு திருட்டுப் போகும் என்கிற பயத்துக்கு முதலாளி வேறு வழி பார்த்துக்கொள்ளட்டும். சிம்னிக் குழாயைச் சுத்தம் செய்த தேதியைக் கிச்சன் சுவரில் எழுதி ஒட்டச் சொல்லுங்கள். ஊழியர் புகார் சொல்ல ஒரு தொலைபேசி எண்ணை அங்கேயே ஒட்டுங்கள், புகார் சொன்னவரின் பெயரை முதலாளியிடம் கொடுக்காதீர்கள். அப்படி ஓர் எண் 2016இல் எங்கள் சுவரில் இருந்திருந்தால் நான் கூப்பிட்டிருப்பேன் என்று நம்புகிறேன்.

ஆய்வுக்குப் போகும்போது மேஜையில் உட்காராதீர்கள். நேராகக் கிச்சனுக்கு இறங்குங்கள். பாத்திரம் கழுவுகிற பையனைக் கூப்பிட்டு, தீப்பிடித்தால் எந்த வழியாக ஓடுவாய் என்று கேளுங்கள். முதலாளி பக்கத்தில் இல்லாதபோது கேளுங்கள். பிறகு விளக்கை அணைக்கச் சொல்லி, அவன் சொன்ன வழியில் நீங்களே நடந்து பாருங்கள். கடைசியில் இருக்கிற கதவு உங்கள் கைக்குத் திறக்கவில்லை என்றால் அன்று கையெழுத்துப் போடாதீர்கள்.

இப்படிக்கு,
கோவாவில் ஆறு சீசன் அடுப்படியில் நின்ற ஒரு சமையல்காரன்